ஓட்டமும் பதிவும்

நாற்பத்தெட்டாவது வயதில் ஓட ஆரம்பித்தேன். ரத்தத்தில் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதுதான் காரணம், தத்துவம் எதுவுமில்லை. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டத்தை நண்பர் என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார். முதல் வாரம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, மறுபடியும் ஓட்டம். எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்பதை ஒரு குரல் காதுக்குள் சொல்லும். மெரீனாவில், உழைப்பாளர் சிலைப் பக்கம், விடிவதற்கு முன் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு மூச்சிரைத்தேன். ஒன்பது வாரத்துக்குப் பதில் பதினான்கு வாரம் ஆயிற்று. ஆனாலும் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். யந்திரம் மனிதனை அந்நியமாக்குகிறது என்ற சுலபமான வாக்கியத்தைச் சொல்லி இதைத் தள்ளிவிட எனக்கு உத்தேசமில்லை. அந்தக் குரல் இல்லாவிட்டால் மூன்றாம் நாளே நின்றிருப்பேன்.

பிறகு வேறொரு செயலிக்கு மாறினேன். அது கட்டளையிடாது, கணக்கு மட்டும் வைக்கும். தூரம், நேரம், தொடர்ந்து எத்தனை நாள். ஓடி முடித்ததும் ஓடிய பாதை வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரியும். கூடவே ஒரு பாராட்டு. இருபது வருஷம் கவிதை எழுதியும் முந்நூறு பிரதிகளுக்கு வெளியே ஒரு எதிர்வினையும் காணாதவனுக்குத் தினமும் காலை ஆறரை மணிக்கு வரும் பாராட்டு எத்தகைய போதை என்பது இதைப் படிப்பவர்களுக்குப் புரியும்.

ஒருநாள் பாதி வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஓடிய தூரம் கால்களில் இருந்தது, வியர்வையில் இருந்தது. ஆனால் ஓடியதாகவே தோன்றவில்லை. சாயங்காலம் மறுபடியும் ஓடினேன், பதிவுக்காக. அனுபவம் முதலில், பதிவு அப்புறம் என்று கவிதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். அந்த வரிசை தலைகீழாவதை என் உடம்பிலேயே கண்டேன். அப்போது அது வேடிக்கையாகத்தான் பட்டது.

கணக்கு 211 நாளில் நின்றபோது அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தோம். மூச்சுத் திணறல். மறுநாள் முழுக்க அவள் பக்கத்தில் இருந்தேன். இரவு பதினொன்றரைக்குத்தான் ஓடவில்லை என்பது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு தாண்டினால் எண் பூஜ்யமாகிவிடும். 'மருந்து வாங்கிட்டு வரேம்மா' என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், செருப்போடு, இருபது நிமிஷம் சுற்றிச் சுற்றி ஓடினேன். வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அம்மா விழித்திருந்தாள்.

'எங்கேடா போயிட்ட? ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?'

'கடை தூரம்மா' என்றேன்.

கைபேசி தன் இருப்பிடத்தை அறிவது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகள் வந்து சேரும் நேரத்திலிருந்து இடத்தைக் கணக்கிடுகிறது. கட்டிடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் கணக்குப் பிசகும். அன்றைய கோடு வண்டிகள் நிறுத்தும் இடத்தோடு நிற்கவில்லை. கட்டிடத்தை ஊடுருவி, அம்மா படுத்திருந்த பக்கமாகப் பலமுறை போய் வந்திருந்தது. நான் இருக்க வேண்டிய இடத்தில் என் பிழை இருந்தது. கீழே, 212 நாள், வாழ்த்துக்கள்.

ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில், தன் செயலியோடு உலகெங்கும் ஓடியவர்களின் பாதைகளை ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், அதில் ராணுவ முகாம்களின் வடிவம் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். தேகப்பயிற்சிக்காகச் சுற்றி ஓடிய சிப்பாய்கள் தம்மையறியாமல் தாங்கள் அடைபட்டிருந்த இடத்தின் எல்லையை வரைந்து கொடுத்திருந்தார்கள். பதிவின் உண்மை இப்படித்தான் வெளிப்படுகிறது என்று படுகிறது: பதிவு செய்தவன் சொல்ல நினைத்ததில் அல்ல, அவன் எதற்குள் சுற்றிக்கொண்டிருந்தான் என்பதில். செயலியைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அது என்னை எதுவும் கேட்கவில்லை. பொய் சொன்னவன் நான், அதுவும் அவளிடம்.

213ஆம் நாள் ஓடவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கிவிட்டேன் என்பதுதான் நடந்தது.

அம்மா வீடு திரும்பிவிட்டாள். நான் இப்போதும் ஓடுகிறேன், சில நாள் கைபேசியோடு, சில நாள் இல்லாமல். சர்க்கரை குறைந்திருக்கிறது, அதையும் ஒரு எண்தான் சொல்கிறது. பழைய பதிவுகளில் பலவற்றை அழித்துவிட்டேன். 212ஆம் நாளின் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. அம்மாவிடம் அதைக் காட்டவும் இல்லை.