எடைக்குப் போன அழகு

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று முதலாண்டு வகுப்பில் ஆசிரியர் கேட்டார். ஒருவன் தபால்தலை சேகரிப்பதாகச் சொன்னான். ஒருத்தி நாணயம் என்றாள். என் முறை வந்தது. "பழைய துப்பாக்கிகள், ஐயா" என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது.

ஐயம்பேட்டையில் தறிக்குழிக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவனுக்குத் துப்பாக்கி ஏது என்று உங்களுக்கும் தோன்றும். உண்மைதான். என்னிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. நூலகத்தில் கண்ட படங்களைப் பார்த்து வரைந்து, பக்கத்தில் விவரம் எழுதி வைத்திருக்கிறேன். சீமான்கள் பணத்தால் சேகரிப்பதை நான் பென்சிலால் சேகரிக்கிறேன்!

அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது சுழலும் உருளை கொண்ட ரைபிள். ரிவால்வரைச் சினிமாவில் பார்த்திருக்கிறோமல்லவா? அதே உருளையை நீண்ட குழலின் பின்னால் பொருத்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள். உருளையில் ஐந்தாறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் மருந்தும் குண்டும். ஒருமுறை சுட்டபின் அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிக்கு அந்நாட்டில் காப்புரிமை பெற்றது 1836-இல். அதற்கு முன்பே நம் நாட்டுக் கொல்லர்கள், உருளையைக் கையால் திருப்பிச் சுடும் திரித்துப்பாக்கிகளைச் செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சமல்ல.

கோல்ட்டின் 1855-ஆம் ஆண்டு மாதிரி ரைபிள்கள் சிலவற்றின் உருளையில் ஒரு வேட்டைக் காட்சி உண்டு. வேடன் ஒருவன் மான்களைச் சுடுகிறான். எஃகு அச்சை உருட்டி அழுத்திப் பதித்த சித்திரம் அது. செல்வந்தர்களுக்கான துப்பாக்கிகளில் மட்டும் குஸ்டாவ் யங் போன்ற வல்லுநர்கள் கையால் கொடிகளும் இலைகளும் செதுக்கினார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தறிதான் நினைவுக்கு வந்தது. ஜக்கார்டில் அட்டையின் துளைப்படி அன்னபட்சி மாறாமல் விழும். பழைய அடைத்தறியிலோ ஒவ்வொரு பூவும் கைக்கணக்கு.

நான் வரைவதைப் பார்த்த ஆயா ஒருநாள், "சுடுற சாமானுக்கு எதுக்குடா கண்ணு பூ வேலை?" என்று கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த ரைபிளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஓர் அறையில் பற்றிய நெருப்பு சில வேளை பக்கத்து அறைகளுக்கும் தாவும். குழலைத் தாங்கும் இடக்கை உருளைக்கு முன்னால் இருப்பதால் சுட்டவனே காயப்படுவான். ஆயினும் 1863 செப்டம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிக்கமாகா களத்தில், ஓஹையோ 21-ஆம் படைப்பிரிவு இவற்றைக் கொண்டே போரிட்டது. போர் முடிந்தது. 44 டாலர் கொடுத்து வாங்கிய ரைபிளை அரசாங்கம் 42 சென்ட்டுக்கு விற்றுத் தீர்த்தது. இன்று அவற்றில் ஒன்று கிடைக்காதா என்று சேகரிப்போர் அலைகிறார்கள்.

சென்ற ஆண்டு வாலாஜாபாத்தில் ரயிலேறி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனையின் கட்டாரிகளும் அங்குசங்களும் இருந்தன. கைப்பிடிகளில் யாளியும் கிளியும் இரும்பில் உயிர்பெற்று நின்றன. உடன் வந்த ஆசிரியர் சொன்னார்: "தஞ்சை ஆயுதசாலையைக் கலைத்தது 1863-இல். பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். தப்பியவற்றில் ஒரு பங்குதான் இங்கே இருப்பது."

அதே 1863! நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் அசையாமல் நின்றேன். நண்பர்கள் அழைத்தும் கால் நகரவில்லை. கண்ணில் தெரிந்தது கட்டாரி அல்ல, எங்கள் வீட்டுத் திண்ணை.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு விடுதிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பழைய பட்டுப்புடவை வாங்குபவர் தெருவில் வந்தார். ஆயா பெட்டியைத் திறந்து தன் முகூர்த்தப் புடவையை எடுத்து வந்தாள். தாத்தா அடைத்தறியில் தாமே நெய்தது. கோர்வைக் கரை போட்டது. வந்தவர் ஜரிகையை உரைத்துப் பார்த்தார், தராசில் வைத்தார். புடவையை எரித்தால் பட்டு சாம்பலாகும், ஜரிகையின் வெள்ளி மிஞ்சும். அவருக்கு வேண்டியது அதுதான். தாத்தாவின் கைக்குத் தராசில் எடை ஏது? அப்போது நான் திண்ணையில் உட்கார்ந்து கோல்ட் ரைபிளின் பூவேலையை வரைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவேயில்லை.

நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தொல்பொருள் என்று காக்க 1972-இல் சட்டம் வந்தது. ஆயாவின் புடவைக்கு அத்தனை வயதில்லை. சட்டம் வருமுன் அடுப்பு முந்திக்கொண்டது.

எழும்பூரிலிருந்து திரும்பிய இரவு, "ஆயா, உன் கல்யாணப் புடவைக் கரை எப்படியிருக்கும்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு விரலால் பாயில் கோடு இழுத்துக் காட்டினாள். "இப்படி ஒரு வரிசை ருத்ராட்சம். அதுக்கு உள்ளே மயில்கண்ணு. முந்தானையிலே வங்கி. உங்க தாத்தா ஒரு இடத்துல ஒரு கண்ணைத் தப்பா விட்டுட்டாரு. எனக்கு மட்டுந்தான் தெரியும்!" சொல்லிச் சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தப்பையும் சேர்த்தே வரைந்து வைத்தேன்.

அவள் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். வாங்குபவனுக்குத்தான் அது சுடுகிற சாமான். செய்தவனுக்கு அது கைவேலை. தஞ்சைக் கொல்லனும் என் தாத்தாவும் அந்த வகையில் பங்காளிகள்.

என் நோட்டில் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. பின்பக்கத்திலிருந்து புடவைக் கரைகள் வளர்ந்து வருகின்றன. எங்கள் தெருவில் பதினொரு பாட்டிமார் சொல்லக் கேட்டு வரைந்துவிட்டேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தராசு வரும் நாள் வரலாம். வறுமையின் முன் விற்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. விற்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். கரையை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுதான்.