ஆம்பளைங்க யாரும் வரலையா?

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், திண்டிவனம் வீட்டில் அவருடைய பொருட்களைப் பிரித்தார்கள். அண்ணனுக்கு பைக், மோட்டார் கொட்டகைச் சாவி. எனக்குத் தையல் மெஷின். பரண்மேல் கிடந்த ஏர்கன்னை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"உனக்கு எதுக்குமா அது?" என்று அண்ணன் சிரித்தார். கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவள் நான் என்பது அவர் நினைவிலேயே இல்லை. லைசென்ஸ் கேட்பார்கள் என்று பயமுறுத்தினார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அப்பாவுடையது அந்த வகைதான்.

சுட்டுப் பார்த்தேன். குண்டு நாலடி தள்ளி விழுந்தது.

பழைய புடவையில் சுற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். துணைக்கு அண்ணன் மகன், பத்தாவது படிப்பவன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்றார். பிறகு அந்தப் பையனிடம் விளக்க ஆரம்பித்தார். வாஷர் போய்விட்டதாம், ஒரு வாரம் ஆகுமாம். தொகையை மட்டும் என்னிடம் சொன்னார். திரும்பவும் புடவையில் சுற்றினேன்.

"வாஷர்தானே?" என்றார் அம்மா. குக்கர் கேஸ்கட், குழாய் வாஷர், ஸ்டவ் திரி எல்லாம் நாற்பது வருடமாக அவர்தான் மாற்றுகிறார். அதை எங்கள் வீட்டில் யாரும் ரிப்பேர் என்று சொன்னதில்லை.

ஏர்கன்னில் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கும்போது ஸ்பிரிங் அழுந்தும். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து, முன்னால் உள்ள காற்றை நெருக்கும். அந்தக் காற்றுதான் குண்டைத் தள்ளும். பிஸ்டன் தலையில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர். அது காய்ந்து சுருங்கினால் காற்று ஓரமாகக் கசிந்துவிடும்.

பயம் ஸ்பிரிங்கில்தான். சுடாமல் வைத்திருந்தாலும் அது ஓரளவு அழுந்தியே இருக்கிறது. பின்மூடியைப் பிடித்திருக்கும் முளையை அஜாக்கிரதையாக உருவினால் முகத்துக்குத் தெறிக்கும். குழல் வாயை மடித்த சாக்கில் ஊன்றி, அம்மா தன் முழு எடையையும் மூடியின் மேல் போட்டார், இடியாப்பம் பிழிகிற அதே நிற்பில். நான் முளையைத் தட்டி எடுத்தேன். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தளர்த்தினார்.

பழைய வாஷரை சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். காற்றடிக்கும் பம்பின் தோல் வாஷர் கொஞ்சம் பெரிது. பிளேடால் ஓரம் சீவி, ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊற வைத்தேன். எண்ணெயை அதிகம் விட்டுவிட்டேன் போலிருக்கிறது; முதல் குண்டுக்குப் பட்டாசுச் சத்தமும் புகையும். அம்மா அடுப்படிக்கு ஓடினார். மூன்றாவது குண்டு அட்டையில் பட்டது.

நம் பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40 என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2018இல்தான் பெண்களுக்கும் 60 ஆனது. மீதி இருபது குண்டை அதுவரை யாருக்காகச் சேமித்தார்களோ!

கிணற்றடியிலிருந்து வேப்பமரம் சரியாகப் பத்து மீட்டர். மரத்தடியில் மணல் மூட்டை, அதன்மேல் அட்டை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். பையன் பழகணுமாம், ஏர்கன்னைக் கொடுத்தனுப்பச் சொன்னார்.

"அவனை இங்க அனுப்புங்கண்ணா," என்றேன். "முதல்ல வாஷர் மாத்தப் பழகட்டும்."