தொட்டுப் பார்க்காமல் கொடுத்த மாத்திரை

பொம்பளை உடம்பைப் பற்றி எழுதினால் நம் தோழர்களிலேயே சிலருக்கு முகம் சுளிக்கிறது. "கூலி, நிலம், வன்கொடுமை என்று எழுதுங்க தோழர், இதெல்லாம் டாக்டர் எழுத வேண்டியது" என்கிறார்கள். டாக்டர்கள் எழுதித்தான் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியது போடிநாயக்கனூர் காலனிகளுக்கு வந்து சேரவில்லை. மாத்திரை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் தெருவில் அதற்குப் பேர் 'மாலா மாத்திரை'. அரசாங்கம் சும்மா கொடுப்பது மாலா-என், கடையில் கொஞ்சக் காசுக்குக் கிடைப்பது மாலா-டி. ஒரு அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை, 7 செங்காவிக் கலர். வெள்ளை மாத்திரையில்தான் மருந்து. லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியோல் 0.03 மில்லிகிராம் என்று இரண்டு ஹார்மோன் சேர்ந்தது, அதனால் கூட்டு மாத்திரை. கருமுட்டை வெளியே வராமல் இது தடுக்கிறது, கருப்பை வாயில் சளியைக் கெட்டியாக்கி விந்து உள்ளே போகாமலும் தடுக்கிறது. செங்காவி மாத்திரை ஏழும் வெறும் இரும்புச் சத்து. அதைத் தின்கிற நாளில் வீட்டுக்குத் தூரம் வரும். இதைச் சொல்ல அரை நிமிசம் ஆகாது. ஆனால் எங்கள் தெருவில் பல வருசமாக இதைத் தின்றவர்களுக்கே வெள்ளைக்கும் செங்காவிக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் சொன்னதில்லை. "அந்தக் கலரு மாத்திரை சூடுத்தா, அதத் தூக்கிப் போட்டுருவேன்" என்றாள் ஒரு மதினி. ரத்தம் இல்லாமல் வெளுத்துப் போன உடம்பு அவளுக்கு. தூக்கிப் போட்டதெல்லாம் அவளுக்கு வேண்டிய இரும்பு.

மலை வேலையைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த மாத்திரையின் கஷ்டம் புரியும். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு நிற்க வேண்டும். ஜீப்பில் ஆட்களை அடைத்து ஏற்றுவார்கள். முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. அதற்கப்புறம் தோண்டிமலை, பூப்பாறை, சாந்தன்பாறை என்று எந்தத் தோட்டமோ அந்தத் தோட்டம். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறுகிறவள் நாலாவது வளைவில் வாந்தி எடுக்கிறாள். மாத்திரையும் சேர்ந்து வெளியே போய்விடுகிறது. தின்று இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாசம் முழுகாமல் நிற்கிறாள். "படிக்காத முண்டைக, மாத்திரைகூட ஒழுங்காத் திங்கத் தெரியல" என்று ஆஸ்பத்திரியில் ஏச்சு. ராத்திரி சோறு தின்றபின் போட்டுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். குமட்டலும் குறைந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது இதைவிடப் பெரிய விசயம்.

இந்த மாத்திரையை எல்லாப் பெண்ணும் தின்னக் கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவள் தின்னக் கூடாது. 35 வயசுக்கு மேல் பீடி, சுருட்டு குடிக்கிற பழக்கம் உள்ளவள் தின்னக் கூடாது. காலிலோ நெஞ்சிலோ ரத்தம் கட்டிய நோய் முன்னால் வந்தவள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவள், கல்லீரல் கெட்டவள், மார்பில் புற்றுநோய் வந்தவள் தின்னக் கூடாது. கண்ணுக்கு முன்னால் மின்னல் மாதிரி வெட்டி, பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறவள் தின்னக் கூடாது. பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாமல் பால் கொடுக்கிறவள் தொடவே கூடாது, ஆறு மாசம் வரைக்கும் வேறு வழி பார்ப்பதுதான் நல்லது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவளுக்கும் வலிப்புக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவளுக்கும் இது சரியாகப் பிடிக்காது.

இவ்வளவையும் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் வேண்டியதில்லை. உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்க வேண்டும். அதாவது, தொட வேண்டும்.

இங்கேதான் சாதி வந்து உட்கார்கிறது. எங்கள் காலனிக்குள் வராமல் முக்கில் இருக்கிற கோயில் மேடையிலேயே நின்றுகொண்டு, ஒரு பிள்ளையை அனுப்பிப் பொம்பளைகளைக் கூப்பிட்டு, அட்டையை நீட்டிவிட்டுப் போனவர்களை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். நோட்டில் பேர் ஏறும். கை படாமல் மாத்திரை விழும். பி.பி. மிஷின் பைக்குள்ளேயே இருக்கும். தீண்டாமை என்றால் டீக்கடையில் தனிக் கிளாஸ், கோயில் நுழையத் தடை என்றுதான் நாம் கணக்கெடுக்கிறோம். பைக்குள்ளேயே கிடந்த அந்த மிஷினை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி. 38 வயசு. பல வருசமாக மாத்திரை. வெடவெடவென்று பீடியும் குடிப்பாள், மலைக் குளிருக்கு அது வேண்டும் என்பாள். ஒரு நாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. அட்டைக்கடி என்றார்கள், சரிவில் ஏறி இறங்கிய சுளுக்கு என்றார்கள், எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார்கள். நாலாம் நாள் மூச்சு இழுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்குப் போயிருக்கிறது என்றார்கள். பிழைத்துக்கொண்டாள். "எதாச்சும் மாத்திரை சாப்புடுறீங்களாம்மா?" என்று கேட்ட அந்த இளம் டாக்டர்தான் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள். இப்போது மலைக்குப் போக முடிவதில்லை. போடியில் குடோனில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறாள்.

இதைச் சொன்னால் உடனே "அப்ப அந்த மாத்திரையே விசம்" என்று கிளம்பிவிடுவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. கணக்கைப் பார்ப்போம். மாத்திரை தின்னாத, பிள்ளைத்தாச்சியாகவும் இல்லாத 10,000 பெண்களில் வருசத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேருக்கு இப்படி ரத்தம் கட்டும். கூட்டு மாத்திரை தின்கிறவர்களில் மூன்றிலிருந்து ஒன்பது பேர். பிள்ளைத்தாச்சிகளில் ஐந்திலிருந்து இருபது பேர். பிரசவமான முதல் மூன்று மாசத்தில் இதே கணக்கில் 40 முதல் 65 வரை போகிறது. ஆக, வேண்டாத கர்ப்பத்தைவிட இந்த மாத்திரை ஆபத்துக் குறைந்தது. தூரம் வரும்போது போகிற ரத்தத்தைக் குறைக்கிறது, சோகை பிடித்த நம் பெண்களுக்கு அது லாபம். சினைப்பையிலும் கருப்பை உட்சுவரிலும் வருகிற புற்றுநோயைக் குறைக்கிறது. மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடுகிறது, நிறுத்திய பிறகு வருசா வருசம் அது தணிகிறது. ஐந்து வருசத்துக்கு மேல் தின்றால் கருப்பை வாய்ப் புற்றுநோயும் சற்றுக் கூடுகிறது, அதனால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று மாசம் குமட்டல், மார்வலி, நடுவில் சொட்டுச் சொட்டாகப் படுவது, தலைவலி எல்லாம் வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். இதைத் தின்றால் பிறகு பிள்ளையே பிறக்காது என்பது கட்டுக்கதை. நிறுத்தினால் சில மாசத்தில் கரு நிற்கும்.

இத்தனையும் தெரிந்து ஒருத்தி 'எனக்கு வேணும்' என்றோ 'வேணாம்' என்றோ சொன்னால் அது அவள் எடுத்த முடிவு. தெரியாமல் தின்றால் அவள் உடம்பில் இன்னொருத்தர் எடுத்த முடிவு. இந்த மாத்திரையின் வரலாறு முழுக்க இந்தக் கதைதான்.

1956இல் அமெரிக்கா இதைப் பெருமளவில் சோதித்துப் பார்க்கப் போனது போர்ட்டோ ரிக்கோவுக்கு. ரியோ பியத்ராஸ் என்ற இடத்தில் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு, அதாவது அந்த ஊர்க் காலனி. அன்றைய மாத்திரையில் இருந்த ஹார்மோன் அளவு இன்று இருப்பதைவிடப் பல மடங்கு. இது சோதனை என்பதே அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நூற்றுக்கு 17 பேருக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, வயிற்றுவலி என்று அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதினார். இது எல்லாருக்கும் கொடுக்கத் தக்கதல்ல என்றும் எழுதினார். மேலே இருந்தவர்கள் எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிட்டு, 1960இல் விற்பனைக்கு அனுமதி வாங்கினார்கள். 1970இல் அமெரிக்க செனட்டில் மாத்திரையின் கெடுதல் பற்றி விசாரணை நடந்தபோது, அதைத் தின்கிற ஒரு பெண்ணைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. பெண்கள் சபைக்குள்ளேயே எழுந்து கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் அபாயத்தைச் சொல்லும் துண்டுத்தாள் மாத்திரையோடு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1985இல் ஐதராபாத் பக்கம் பட்டன்செருவில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியை, சோதனை என்று சொல்லாமலே பெண்களுக்குப் போட ஏற்பாடு நடந்தது. ஸ்திரீ சக்தி சங்கடனா தோழர்கள் போய்க் கேட்டார்கள், அடுத்த வருசம் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1971இல் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி ஒரு திட்டம் கொண்டுவந்தது. கர்ப்பமாகாமல் இருக்கிற பெண் தொழிலாளியின் பேரில் மாசம் ஐந்து ரூபாய் கணக்கில் போடுவார்கள், பிள்ளை பெறும் வயசு தாண்டியபின் கொடுப்பார்கள். பிரசவச் செலவும் பிள்ளைக் காப்பகச் செலவும் முதலாளிக்கு மிச்சம். மலையில் நம் கர்ப்பப்பைக்கும் கூலிக்கணக்கு எழுதியிருக்கிறார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேசன் செய்ததையும், அந்த நாட்களில் 13 பெண்கள் செத்ததையும் மறக்க முடியுமா? செத்தவர்கள் எந்தத் தெருக்காரிகள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏலத்தோட்டத்தில் இதற்கு வேறு ஒரு உருவம் இருக்கிறது. காய் எடுப்புக் காலத்தில் ஒரு நாள் லீவு போட்டால் கங்காணி அடுத்த நாள் ஜீப்பில் இடமில்லை என்பான். சரிவில் மறைவிடம் கிடையாது, கக்கூஸ் கிடையாது, துணி மாற்ற வழி கிடையாது. அதனால் மெடிக்கலில் 'நாள் தள்ளிப்போடுற மாத்திரை' வாங்கித் தின்கிறார்கள். நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று. சீட்டு வேண்டாம், கேள்வி வேண்டாம். இது கருத்தடை மாத்திரை இல்லை. இதைத் தின்றால் கர்ப்பம் நிற்காது என்று நம்புகிறவர்கள் உண்டு, அது பொய். உடம்புக்குள் போனபின் இதில் ஒரு பங்கு எத்தினைல் எஸ்ட்ராடியோலாக மாறுகிறது. ஆக, ரத்தம் கட்டுகிற ஆபத்து இதற்கும் உண்டு, கூட்டு மாத்திரை ஆகாதவளுக்கு இதுவும் ஆகாது. 2019இல் நம் தமிழ்நாட்டுப் பஞ்சாலை, துணி ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பேர் இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலை வாங்கியது செய்தியாக வந்தது. அதே வருசம் மகாராஷ்டிரா பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டுப் போகிற கதையும் வந்தது. ஆலை, கரும்பு, ஏலம் எல்லாவற்றிலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக மாறச் சொல்லப்பட்டது பெண்ணின் உடம்புதான்.

அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்கிற தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 'ஏகாதிபத்தியச் சதி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போகிற ஆம்பளைத் தோழர் ஏழாவது பிள்ளை பெறப்போவதில்லை. 1938 நவம்பர் 10இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், கர்ப்பத்தடைக்கு அரசாங்கம் வசதி செய்து தர வேண்டும் என்று தீர்மானம் தயாரித்துக் கொடுத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் வர முடியாததால் ரோஹம் அதைக் கொண்டுவந்தார். சபை தோற்கடித்தது. மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் ஆரோக்கியத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்டபோது, பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டவர் பெரியார். நமக்கு இந்த வழி இருக்கிறது. இதில் நின்றுதான் மாத்திரையைக் கேட்கவும் வேண்டும், கேள்வி கேட்கவும் வேண்டும்.

ஆம்பளைகளையும் கேட்க வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், நாடு முழுக்கக் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 37.9. ஆண்களின் ஆபரேசன் 0.3. ஆணுக்கு அது சின்ன ஆபரேசன், ரெண்டு நாள் ஓய்வு போதும். "ஆம்பளத்தனம் போயிரும்" என்று மீசையை முறுக்குகிறவர்களில் நம் இயக்கத்து மீசையும் உண்டு.

எங்கள் காலனிகளில் நாங்கள் இப்போது கேட்பது இவ்வளவுதான். மாத்திரை கொடுக்குமுன் தெருவுக்குள் வந்து கையைத் தொட்டு பி.பி. பாருங்கள். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள், நல்லது. ஆனால் அவர்கள் பகலில் வந்தால் எங்கள் பொம்பளைகள் மலையில் இருப்பார்கள். சாயங்காலம் ஜீப் இறங்கும் இடத்துக்கு வாருங்கள். ஹார்மோன் ஆகாதவளுக்குக் காப்பர்-டி, ஆணுறை, வாரம் ஒரு தடவை போடுகிற சாயா மாத்திரை என்று இருப்பதையெல்லாம் விரித்துச் சொல்லி அவளையே எடுக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் கக்கூஸ் கட்டச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் நம் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது: ராத்திரி சாப்பிட்டபின் போடு. ஒரு வெள்ளை மாத்திரை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடு. ரெண்டு மறந்தால் ஒன்றைப் போட்டுவிட்டு அட்டையைத் தொடர்ந்து தின்னு, ஏழு நாளைக்கு ஆணுறை இல்லாமல் சேராதே. மூணாவது வாரத்தில் அப்படி ஆனால் வெள்ளை முடிந்ததும் செங்காவியை விட்டுவிட்டு உடனே அடுத்த அட்டை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு அடைத்தால், மூச்சு வாங்கினால், பார்வை மங்கினால், பேச்சுக் குழறினால், தாங்க முடியாத தலைவலியோ வயிற்றுவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எண்ணெய் தேய்த்து உருவாதே. டாக்டரிடம் முதல் வார்த்தையாக "நான் மாலா மாத்திரை திங்கிறேன்" என்று சொல்லு.