கல்லறை இல்லாதவர்கள்

கல்லறைத் திருநாள் கழிந்த மறுவாரம் பங்கு மக்கள் சிலருடன் தனுஷ்கோடிக்குச் சென்றிருந்தோம். எம் வண்டி உச்சிப்புளியைக் கடக்கையில், அங்குள்ள கடற்படை விமானத் தளத்திலிருந்து எழுந்த விமானமொன்று தலைக்கு மேலே இரைந்து கடலை நோக்கிச் சென்றது. சிறுவர்கள் கைதட்டி ஆரவாரித்தனர். உடன் வந்த மூதாட்டி ஒருவர் மட்டும் அது மறையும் வரை பார்த்திருந்தார். கடலுக்குச் சென்ற அவருடைய மகன் திரும்பி வந்ததில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை.

பாம்பனையும் தங்கச்சிமடத்தையும் கடந்து தனுஷ்கோடியை அடைந்தோம். 1914 முதல் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் ஊரையே விழுங்கிற்று. பயணிகளோடு வந்த இரயில் வண்டியும் அலைக்கு இரையாயிற்று. கூரையின்றி நிற்கும் ஆலயச் சுவர்களின் நடுவே அம்மூதாட்டி எம்மிடம் கேட்டார்:

“கல்லறை இருக்கிறவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்துறோம். கல்லறை இல்லாதவங்களுக்கு எங்கே ஏத்துறது, சாமி?”

அவ்வேளையில் எமக்கு விடை தோன்றவில்லை.

அரிச்சல்முனைக்குச் சென்றோம். ஒருபுறம் பெண்கடல் அமைதியாய்க் கிடக்க, மறுபுறம் ஆண்கடல் குமுறிக்கொண்டிருந்தது. நேர் எதிரே, கண்ணுக்கெட்டாத தொலைவில் இலங்கை. அத்தீவின் தென்கோடியில், காலிக்கு அருகே உள்ள கொக்கலையிலிருந்து 1942இல் புறப்பட்ட ஒரு விமானத்தின் வரலாறு எம் நினைவுக்கு வந்தது.

அது ‘கட்டலினா’ என்னும் பெயருடையது; நீரின் மேல் இறங்கக்கூடியது; குண்டுகளைச் சுமந்தவாறு நெடுநேரம் கடலைக் காவல் காக்க வல்லது. கனடா நாட்டு விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த அவ்விமானத்தில் ஒன்பது பேர் இருந்தனர். தலைவர் லெனர்டு பர்ச்சால். அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன.

அன்று ஏப்ரல் 4, பெரிய சனிக்கிழமை. மாலை நேரத்தில், தென்கடலில் கப்பல்கள் தொலைவிலே புள்ளிகளாய்த் தென்பட்டன. திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அவர்கள் நெருங்கிச் சென்று பார்த்தனர். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியக் கடற்படை அது! உடனே கம்பியில்லாத் தந்தி வழியே செய்தி அனுப்பினர். அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கையில் எதிரி விமானங்களின் குண்டு பாய்ந்து கருவி சிதறிற்று. விமானம் கடலில் வீழ்ந்தது.

கால் துண்டிக்கப்பட்ட சார்ஜென்ட் கோலரோசி விமானத்தோடு மூழ்கினார். படுகாயமுற்று நீரில் மிதந்த ஹென்செல், டேவிட்சன் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். எஞ்சிய ஆறு பேரும் சிறைப்பட்டனர்.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. எச்சரிக்கை முன்னரே கிட்டியதால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. ஆயினும் அன்று அழிவு நேராமலில்லை. ‘கார்ன்வால்’, ‘டார்செட்ஷயர்’ என்னும் இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கி 424 பேர் மாண்டனர். தாக்க வந்த ஜப்பானிய இளைஞர்களிலும் சிலர் வீடு திரும்பவில்லை. அவர்களுக்கும் தாயர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

பர்ச்சால் போர் முடிந்து விடுதலை பெற்றார். ‘இலங்கையின் காவலர்’ எனப் புகழப்பட்டு, 2004இல் முதுமையில் மறைந்தார். அவருடைய புகழை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மூவரை எத்தனை பேர் அறிவர்? சிங்கப்பூரின் கிராஞ்சியில், கல்லறை காணாத 24,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பெயர்களைக் கல்லிலே பொறித்து வைத்திருக்கின்றனர். உடல் கிடைக்காதவிடத்து மனிதர் காப்பாற்றக்கூடியது பெயர் ஒன்றே.

எம் மீனவர் குடும்பங்களிலோ, கடல் கொண்டவர்களின் பெயரைப் பொறிக்க அத்தகைய கல்லும் இல்லை. வீட்டுச் சுவரில் மாலையிட்ட படம் ஒன்று தொங்கும். ஆண்டுகள் சென்றால் அதுவும் மங்கிப்போகும்.

மீண்டும் பாழடைந்த ஆலயத்துக்கு வந்து, இவ்வரலாற்றை அனைவருக்கும் எடுத்துரைத்தோம். பின்னர் மூதாட்டியை அழைத்து, “அம்மா, மெழுகுவர்த்தியை இங்கேயே ஏற்றுங்கள். மகன் பெயரை உரக்கச் சொல்லுங்கள், நாங்கள் அனைவரும் செபிக்கிறோம்” என்றோம். அவர் சொன்னார். புயலில் மாண்டவர்களுக்காகவும் செபித்தோம். பிறகு அவரே எம்மை நோக்கி, “அந்த வெள்ளைக்காரப் பிள்ளை பேரு என்ன சொன்னீங்க, சாமி?” என்று வினவினார்.

“கோலரோசி.”

தடுமாறித் தடுமாறி அப்பெயரை அவரும் உச்சரித்தார்.

அடுத்த கல்லறைத் திருநாளில், எம் பங்கில் கடலில் மறைந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி வைத்துத் திருப்பலியில் வாசிக்க எண்ணியுள்ளோம். அன்பர்களே, உங்கள் பங்கிலும் அத்தகையோர் இருப்பர். அவர்கள் பெயரை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.