கலைவாணருக்கு 'ஆமா' போட்டவர்கள்!

நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் முடியாது. சுடலைமாடன் கோயிலோ இசக்கியம்மன் கோயிலோ, பந்தலில் மணிகள் கட்டிய நீண்ட வில் கிடத்தப்பட்டிருக்கும். நடுவில் புலவர் வீசுகோலோடு உட்கார்ந்திருப்பார். இரு பக்கமும் குடம், உடுக்கை, தாளத்தோடு துணைக்காரர்கள். புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார்.

அந்த 'ஆமா' ஒரு சின்னச் சொல்தான். ஆனால் அதைச் சந்தேகமாகச் சொல்லலாம், ஆச்சர்யமாகச் சொல்லலாம், 'அப்படியா சங்கதி' என்று கேலியாகவும் சொல்லலாம். கதை சொல்பவர் புலவர். பல நேரங்களில் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அந்த 'ஆமா'.

இந்த மண்ணில்தான், நாகர்கோவில் ஒழுகினசேரியில், 1908 நவம்பர் 29-ம் தேதி பிறந்தார் என்.எஸ்.கிருஷ்ணன். அப்பா பெயர் சுடலைமுத்து, அம்மா பெயர் இசக்கியம்மாள். வில்லுப்பாட்டில் கதையாகப் பாடப்படும் இரண்டு தெய்வங்களின் பெயர்களும் வீட்டுக்குள்ளேயே இருந்தன!

கலைவாணரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய நகைச்சுவை, கொடை, சீர்திருத்தம் ஆகிய மூன்றையும் சொல்லாமல் விடுவதில்லை. நான்காவதாக ஒன்று இருக்கிறது. ஒரு நகைச்சுவைக் குழுவை உருவாக்கி, எழுதி, இயக்கி, அதற்குச் சோறும் போட்டவர் அவர்.

கொட்டகையில் தொடங்கிய பாடம்

குடும்பத்தில் வறுமை. படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவனின் கண் முழுக்க மேடையில்தான் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் சேர்ந்த பிறகு, அந்த மேடையே அவருக்குப் பள்ளிக்கூடமானது. பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையில் ஒரு நடிகர் தன் வேஷத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. இன்று ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், ராத்திரி அவர் வேஷத்தை இன்னொருவர் கட்ட வேண்டும். எல்லோருடைய வசனமும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1935-ல் வெளிவந்த 'மேனகா' அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு 'சதிலீலாவதி'. எம்.ஜி.ஆரும் அறிமுகமான அந்தப் படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். வசனம் எந்த இடத்தில் விழுந்தால் சிரிப்பு வரும் என்பதை நடிகர்களே பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் அது.

என்.எஸ்.கே அதை ஒரு முறையாகவே ஆக்கிக்கொண்டார். படத்தின் கதை ஒரு பக்கம் போகும். நகைச்சுவைப் பகுதியை அவரே யோசித்து, தன் ஆட்களை வைத்து ஒத்திகை பார்த்து, தனியாக அமைத்துக் கொடுப்பார். இன்றைய பேச்சில் சொன்னால், படத்துக்குள் ஒரு தனி 'காமெடி டீம்'. அதில் டி.ஏ.மதுரம் இருந்தார். புளிமூட்டை ராமசாமி, கொட்டாப்புளி ஜெயராமன், காக்கா ராதாகிருஷ்ணன் என்று பெயரைக் கேட்டாலே சிரிப்பு வருகிற ஆட்களும் இருந்தார்கள்.

பூனாவில் கிடைத்த துணை

மதுரம் ஸ்ரீரங்கத்துக்காரர். 1936-ல் வந்த 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் பூனா போன பயணத்தில்தான் இருவருக்கும் பழக்கம். போன இடத்தில் குழுவினரின் சாப்பாட்டுக்கே பணம் இல்லாத நிலைமை வந்தது. மதுரத்திடம் இருந்த பணத்தை வாங்கி எல்லோரையும் சாப்பிட வைத்தார் என்.எஸ்.கே என்பது, திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை.

அதே பயணத்தில் வளர்ந்த காதல் திருமணத்தில் முடிந்தது. தனக்கு ஏற்கெனவே நாகம்மாளோடு திருமணமாகிவிட்டதை என்.எஸ்.கே அப்போது மதுரத்திடம் சொல்லவில்லை. பிறகு தெரியவந்தபோது மதுரத்துக்கு அது பெரிய அடி. ஊரைச் சிரிக்க வைத்தவர் வீட்டில் அழ வைத்த கதையும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால், மதுரத்துக்குச் செய்யும் நியாயமாகாது.

ஆனால் கேமரா முன்னால் அவர் மதுரத்துக்குக் கொடுத்த இடம் வேறு. அந்தக் காலத்து நகைச்சுவையில் மனைவி என்றால் திட்டு வாங்குகிறவள், இல்லையென்றால் திட்டுகிறவள். இந்த ஜோடியின் காட்சிகளில் மதுரம் கேள்வி கேட்பார், மடக்குவார், பல இடங்களில் ஜெயித்துவிட்டும் போவார். தோற்று முழிக்கிற ஆள் என்.எஸ்.கே. எழுதுகிறவரும் அவர், இயக்குகிறவரும் அவர். நினைத்திருந்தால் எல்லாக் கைதட்டலையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

குழுவில் இருந்த மற்றவர்களுக்கும் அப்படித்தான். 'காக்கா' ராதாகிருஷ்ணனின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் வந்த 'மங்கையர்க்கரசி'யில் அவர் என்.எஸ்.கே - மதுரம் ஜோடியின் மகன். யாரையாவது காக்கா பிடித்தாவது வேலை தேடிக்கொள் என்று வீட்டில் சொல்ல, பையன் நிஜமாகவே காக்கையைப் பிடிக்கக் கிளம்பிவிடுவான். பெரிய நட்சத்திர ஜோடி சும்மா நிற்க, சிரிப்பு முழுவதும் பையனுக்குப் போகிறது. ஒரு காட்சியில் கிடைத்த அந்தப் பெயர் அவரோடு கடைசிவரை இருந்தது.

'ஆமாம் போடுவது' என்றால் ஜால்ரா தட்டுவது என்றுதான் ஊரில் அர்த்தம். வில்லுப்பாட்டு மேடையில் அர்த்தமே வேறு. அங்கே 'ஆமா' போடுகிறவர் தூங்கினால் புலவரும் தூங்க வேண்டியதுதான். என்.எஸ்.கே தன் குழுவில் தேடியது இரண்டாவது வகை ஆட்களை.

நடுவில் இருந்தவர் இல்லாதபோது

1944 நவம்பரில் 'இந்து நேசன்' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு என்.எஸ்.கேவும் கைதானார். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை.

வில்லு நடுவில் கிடக்கிறது. புலவரைக் காணோம். துணைக்காரர்கள் என்ன செய்வார்கள்?

மதுரம் வழக்குச் செலவுக்கு அலைந்தார். என்.எஸ்.கே. நாடக சபையை நிற்கவிடாமல் நடத்தும் பொறுப்பை எஸ்.வி.சகஸ்ரநாமம் ஏற்றார். எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. கருத்து வேறுபாடு வந்து, கே.ஆர்.ராமசாமி பிரிந்துபோனார். பிரிந்துபோனவர் தன் புதிய குழுவுக்கு வைத்த பெயர்தான் கவனிக்க வேண்டியது. 'கிருஷ்ணன் நாடக சபா'! தலைவரைப் பிடிக்காமல் பிரிந்த குழு அல்ல அது. இரண்டு பக்கமும் அவர் பெயரிலேயே மேடை ஏறியது. ராமசாமியின் குழு மேடையேற்றிய அண்ணாவின் 'வேலைக்காரி', 'ஓர் இரவு' நாடகங்கள் தமிழ் நாடகத்தின் போக்கையே மாற்றின.

சகஸ்ரநாமம் பக்கமிருந்து வந்தது 'பைத்தியக்காரன்'. நாடகமாக இருந்து, 1947-ல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் படமானது. மதுரம் அதில் இரட்டை வேடத்தில் நடித்தார்.

இதற்கிடையில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறு விசாரணைக்காகத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் பாகவதரும் என்.எஸ்.கேவும் விடுதலையானார்கள். ஏறத்தாழ 30 மாதங்கள் போயிருந்தன. வெளியே வந்தவருக்காக 'பைத்தியக்காரன்' படத்தில் காட்சிகள் சேர்க்கப்பட்டன. தான் இல்லாத நேரத்தில் தன் ஆட்கள் எடுத்த படத்துக்குள், கடைசியில் வந்து சேர்ந்துகொண்டார் அவர்.

சிறை பாகவதரின் புகழைத் தின்றுவிட்டது. பழைய இடத்துக்கு அவரால் திரும்ப முடியவில்லை. என்.எஸ்.கே திரும்பினார். ரசிகர்களின் அன்பு ஒரு காரணம். திரும்பி வர ஒரு குழு மிச்சமிருந்ததும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. பாட்டு ஒருவருடைய தொண்டையில் இருக்கிறது. இந்த நகைச்சுவை பல பேரிடம் பிரிந்து கிடந்தது, பத்திரமாகவும் இருந்தது. விடுதலையான அதே ஆண்டில்தான் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் 'கலைவாணர்' பட்டம் வழங்கினார்.

ஊர்க்கலைக்குத் திரும்பியவர்

1949-ல் 'நல்லதம்பி'. அண்ணா கதை வசனம் எழுதினார். படத்துக்குள் வரும் 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தை இன்றும் பார்த்து ரசிக்கலாம். நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கியவர். கிந்தனார் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்கும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை. பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். பாகவதர் வேஷம், காலட்சேப மெட்டு எல்லாம் அப்படியே இருக்க, கதையை மட்டும் மாற்றி, சாதி பார்க்கிற சமூகத்தைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். கிந்தனாரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பிறகு 'மணமகள்' (1951), 'பணம்' (1952) என்று முழுப் படங்களையும் இயக்கினார். 'பணம்' படத்தில்தான் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையராக இசையமைக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் ஊர் வில்லை அவர் மறக்கவில்லை. நெல்லைச் சீமை இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து, காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக எழுத வைத்து மேடைமேடையாகப் பாடினார். கோயில் கொடையில் ஒலித்த வில் சென்னைச் சபைகளில் ஒலித்தது. அந்த இளைஞர் பின்னாளில் பத்மஸ்ரீ பெற்று, 2022-ல் மறையும்வரை வில்லை விடவே இல்லை.

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காக அவர் பேசிய கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். என்.எஸ்.கே அவரைப் புகழ்ந்தார். மேலும் புகழ்ந்தார். அண்ணாவின் ஆட்களே நெளிந்தார்கள். கடைசியில், இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார், அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிராளிக்கும் வலிக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ம் தேதி, 49 வயதுகூட நிறையாமல் காலமானார். திருவிதாங்கூரில் இருந்த அவருடைய ஊர் தமிழ்நாட்டோடு இணைந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

கைக்கு வந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் போனவர் என்பார்கள். பணத்தை மட்டுமல்ல, சிரிப்பையும்தான். தன் வாய்க்கு வந்திருக்க வேண்டிய எத்தனையோ நல்ல வசனங்களை மதுரத்துக்கும் ராதாகிருஷ்ணனுக்கும் புளிமூட்டைக்கும் பிரித்துக் கொடுத்தார்.

அடுத்த முறை நாஞ்சில் நாட்டுப் பக்கம் கொடைக்குப் போனால், வில்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். புலவரைப் பார்த்தது போதும். பக்கத்தில் 'ஆமா' போடுகிறவரைக் கவனியுங்கள்.