நாலு போல்ட்டு

மலையில் ஜீப் ஓட்டியவர்களுக்கு வின்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. வண்டியின் முன்னால் ஓர் உருளை, அதில் சுற்றிய கம்பிக்கயிறு, சுழற்ற ஒரு மோட்டார். சக்கரம் சேற்றில் புதைந்தால் கயிற்றை எதிரே உள்ள மரத்தில் மாட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கரையேறும்.

என் தங்கையின் பேரன் பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறான். “தாத்தா, 9,500 பவுண்டு வின்ச் வந்துடுச்சு. பம்பர்லயே மாட்டிடலாம்ல?” என்று போனில் கேட்டான். பம்பர் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பட்டறையில் 28 வருடம் வேலை பார்த்தவன் நான். பக்கத்துத் தோட்டத்து ஜீப் ஒன்றுக்கு வெளியே எங்கோ வின்ச் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பம்பர் தகட்டில் நாலு சாதாரண போல்ட்டு, அவ்வளவுதான். மழை நாளில் பள்ளத்தில் இறங்கிய லாரியை இழுத்தபோது தகடு கிழிந்து, வின்ச்சே பிடுங்கிக்கொண்டு போனது. கயிற்றின் அருகே நின்ற கிளீனர் பையனுக்குக் கால் முறிந்தது. அப்புறம் அவன் நேராக நடந்து நான் பார்க்கவில்லை. பிய்ந்த போல்ட்டுகளை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றின் தலையிலும் எண் இல்லை.

பேரனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

9,500 பவுண்டு என்றால் ஏறக்குறைய 4,300 கிலோ. அவ்வளவு இழுப்பும் அந்த நாலு போல்ட்டு வழியாகத்தான் சேஸிஸுக்குப் போக வேண்டும். அதனால் கனமான இரும்புப் பிளேட்டை சேஸிஸின் இரண்டு சட்டங்களிலும் பிடித்து, அதன்மேல்தான் வின்ச் உட்கார வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சு வைத்து முறுக்க வேண்டும். நாலு முறை இழுத்த பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும்.

வின்ச்சின் சக்தி, ஆளும் சாமானும் ஏறிய வண்டி எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். 2,200 கிலோ வண்டிக்கு 3,300 கிலோ. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு உருளையின் அடி அடுக்குக்கு மட்டுமே. கயிறு மேலே மேலே சுற்றியிருந்தால் இழுப்பு குறையும். நாலாவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். போதவில்லை என்றால் கப்பி போடு என்றேன். கிணற்றுக் கப்பி கயிற்றின் திசையைத்தான் திருப்பும். இங்கே கப்பியை மரத்தில் மாட்டி, கயிற்று நுனியைத் திரும்பக் கொண்டுவந்து வண்டியின் சேஸிஸில் கோக்கிறோம். இழுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் சொச்சம் குடிக்கும். இந்த வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியர் வரை கேட்கும். ஆகவே தடித்த கேபிள் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும், தகட்டு விளிம்பில் உரசக் கூடாது, நடுவில் துண்டிக்க ஒரு சுவிட்சு கட்டாயம். வின்ச்சின் 30, 40 கிலோ கனத்தில் முன் ஸ்பிரிங் அமுங்கும்; ரேடியேட்டருக்குக் காற்றும் குறையும். இரண்டையும் கவனிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. பம்பருக்கு முன்னால் புல் பார் மாட்டுவதைத் தடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இழுக்கும்போது உருளையில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். கையில் தோல் உறை. மரத்தில் கம்பிக்கயிற்றை நேராகக் கட்டாமல் அகலமான பட்டை போடவேண்டும். மரப்பட்டையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். கயிற்றின் நடுவில் கனமான சாக்கோ ஜமுக்காளமோ போட்டால், அறுந்தாலும் வீச்சு அடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், நம் ஊரில் வண்டி சிக்கினால் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். அவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிறுத்தாமல் சுவிட்சை அமுக்கக் கூடாது. கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும், இரண்டு காலோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும்.