உப்பு ஜாடி

முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்தது ஐந்து குடித்தனம் சேர்ந்த நீள வீடு. ஒரு போர்ஷனில் டம்ளர் விழுந்தால் கடைசி போர்ஷன் வரை கேட்கும். அப்பா அம்மாவை அடிப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அடி என்மேல் விழாமலிருக்க அம்மா என்னென்ன செய்தாள் என்பது வெளியில் அவ்வளவாகத் தெரியாது.

1999இல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் வண்டிச் சத்தத்தை வைத்தே அம்மா அன்றைய இரவைக் கணித்துவிடுவாள். "பாப்பா, ஆயாகிட்டப் போய் உப்பு வாங்கிட்டு வா." எங்கள் உப்பு ஜாடி நிறைந்துதான் இருக்கும். ஆயாவும் உப்பு தந்ததில்லை, பாயை விரிப்பார். அரிசி டிரம்முக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் என் பிறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் எப்போதும் தயாராக இருக்கும்.

தெருவில் எல்லோரும் குடியைத்தான் திட்டுவார்கள். தமிழ்நாட்டில் மூடிவிட்ட சாராயக்கடைகள் எங்கள் ஊரில் இன்றும் ஏலத்தில் போகின்றன, திட்டுவதற்கு நியாயம் உண்டுதான். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். "குடிச்சிட்டு வர்ற வழியில முதலாளிய அடிச்சாரா? போலீச அடிச்சாரா? வீட்டுக்குள்ள வந்தாத்தான கை நீளுது?"

பிள்ளையைக் காக்கும் தாய் எப்போது செய்தியாகிறாள்? 2012இல் மதுரையில் ஒரு பெண், மகளிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவர் இறந்துபோனார். அப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கர்க், தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி இது தற்காப்பு என்று அந்தப் பெண்ணை விடுவித்தார். சரியான முடிவு. ஆனால் அந்தப் பிரிவு கை ஓங்கப்பட்ட நிமிடத்தைப் பற்றியது. அதற்கு முந்தைய ஆயிரம் இரவுகளுக்கு அதில் இடமில்லை.

அம்மாவின் காலத்தில் 498ஏ இருந்தது, 1983இலேயே வந்துவிட்டது. அதில் புகார் கொடுத்தால் அப்பா சிறைக்குப் போகலாம். "உள்ள தள்ளிட்டு, வாடகைய யாரு குடுப்பா?" என்று அம்மா அதைத் தொடவே இல்லை. கிரிமினல் சட்டத்திடம் அந்தக் கேள்விக்குப் பதிலும் இல்லை.

பதில் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் இருக்கிறது. வீடு யார் பேரில் இருந்தாலும் பெண்ணுக்கு அங்கே வாழ உரிமை உண்டு என்கிறது 17ஆவது பிரிவு. அடிப்பவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும், வாடகையை அவரே கட்டும்படி உத்தரவிடவும் 19ஆவது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 21ஆவது பிரிவு பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடுகிறது. இதற்கெல்லாம் விவாகரத்து கேட்க வேண்டியதில்லை.

அப்பா காலமாகிச் சில வருடங்கள் கழித்து இதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்போ வெளிய போக வேண்டியது நாம இல்லியா?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பின் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு தாளில் எழுதிக் கொடு என்றாள். பிரிவு 19 என்று எழுதினேன். அதன் கீழே பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. தாளை நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.